கொக்குப் படம் வாங்கலாமா?

அன்பு மகளுக்கு,

பாரிஸில் சேன் ஆற்றங்கரைப் பழைய புத்தகக் கடையில் இருக்கும் கொக்குப் படத்தை வாங்கலாமா என்று கேட்டு நீ அனுப்பிய போட்டோவைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நம் வயல்களில் மாட்டுக்குப் பின்னாலேயே நடக்கிற உண்ணிக்கொக்குதான் அது. முட்டையிடும் காலத்தில் தலையிலும் கழுத்திலும் ஏறுகிற அந்த ஆரஞ்சு நிறம் ஒன்றே போதும், அடையாளம் சொல்ல. அடியில் பிரெஞ்சில் போட்டிருக்கும் 'கோரமண்டல் கரை' நம் புதுச்சேரிக் கரைதான்.

புஃபோன் என்ற பிரெஞ்சு இயற்கையியலாளரின் பறவை நூலுக்காக 1765 தொடங்கிப் பாரிஸில் பகுதி பகுதியாக வெளிவந்த பட வரிசையைச் சேர்ந்தது இது. மொத்தம் 1008 படங்கள், அவற்றில் 973 பறவைப் படங்கள். செப்புத் தகட்டில் செதுக்கியவர் மார்த்தினே. படங்களில் பிரெஞ்சுப் பெயர் மட்டும்தான் இருக்கும். 1783-இல் போடார்ட் என்ற டச்சு மருத்துவர் இந்தப் படங்களைப் பார்த்துத்தான் பல பறவைகளுக்கு லத்தீன் பெயர் வைத்தார். இந்தக் கொக்கின் அறிவியல் பெயரில் இன்றும் 'கோரமண்டா' இருப்பது அவரால்தான். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன்: புதுச்சேரியில் தங்கிப் பறவைகளைச் சேகரித்த சோனெரா என்ற பிரெஞ்சுக்காரர் 1782-இல் வெளியிட்ட புத்தகத்தில் 'செஞ்சியின் சின்னக் காடை' என்றே ஒரு பறவை வருகிறது. படித்தபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

ஆனால் நீ அந்தப் படத்தை வாங்க வேண்டும் என்று நான் சொல்வது மார்த்தினேவுக்காகவோ புஃபோனுக்காகவோ இல்லை. தகட்டிலிருந்து வந்தது கறுப்புக் கோடுகள் மட்டும்தான். நிறம் முழுக்கக் கையால் பூசியது, ஒவ்வொரு தாளிலும் தனித்தனியாக. மாதிரித் தாள் ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, உயிரோடு ஒருநாளும் பார்த்திராத நம் ஊர்க் கொக்குக்கு யாரோ ஒருவர் நிறம் ஏற்றியிருக்கிறார். அவர் பெயர் படத்தில் எங்கேயும் இல்லை. ஃபிரேம் போட என் கைக்கு வந்த பழைய படங்களில் நான் முதலில் தேடுவது அந்தக் கையைத்தான்.

நாளைக்கு ஒரு லென்ஸ் எடுத்துக்கொண்டு போ. கழுத்தின் ஆரஞ்சு முடிகிற இடத்தைப் பார். கையால் பூசியதென்றால், நீர்வண்ணம் காயும்போது ஓரத்தில் கொஞ்சம் திரண்டு மெல்லிய கரை கட்டியிருக்கும். சில இடங்களில் நிறம் கோட்டைத் தாண்டி வழிந்திருக்கும். அது குறையில்லை, அசல் என்பதற்குச் சாட்சி. வெள்ளை இறகுகளுக்குப் பெரும்பாலும் நிறமே பூசாமல் காகிதத்தையே விட்டிருப்பார்கள். நிறமெல்லாம் பொடிப் பொடிப் புள்ளிகளாகத் தெரிந்தால் பேசாமல் வைத்துவிட்டு வா, அது இந்தக் காலத்து மறு அச்சு.

அப்புறம், தாளை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் காகிதம் வார்த்த கம்பிச் சல்லடையின் வரிகள் தெரிய வேண்டும். படத்தைச் சுற்றித் தகட்டின் விளிம்பு அழுந்திய பள்ளம் விரலுக்குத் தட்டும். பின்பக்கத்தையும் திருப்பிப் பார். அந்தக் காலத்துப் பச்சை நிறங்கள் சிலவற்றில் செம்பு இருக்கும். அது நாளடைவில் காகிதத்தை அரித்துப் பின்னால் பழுப்பேற்றிவிடும்.

ஒரே ஒரு விஷயம். முழுப் புத்தகம் ஒன்றைப் பிரித்துத் தாள் தாளாக விற்கிறாரா என்று கேள். என்றோ பிரிந்துபோன தாள் என்றால் சரி. விற்பதற்காக இப்போது கிழித்ததென்றால், எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம். அந்த வேலைக்கு நம் காசு போகக்கூடாது.

வாங்கினால் சாதாரண அட்டையில் ஒட்டிவிடாதே, செல்லோடேப் பக்கத்திலேயே வரக்கூடாது. அமிலமில்லாத மவுண்ட் அட்டை கேட்டு வாங்கு. கண்ணாடி படத்தைத் தொடாமல் இடைவெளி இருக்கட்டும். உன் வீட்டு ஹாலில் ஜன்னலுக்கு எதிர்ச் சுவர் வேண்டாம், வெயிலில் நிறம் வெளுத்துவிடும். படுக்கையறைக்குப் போகும் நடைபாதைச் சுவர் நல்லது.

விலையை முதலிலேயே ஒத்துக்கொள்ளாதே. பின்பக்கத்தை ஒரு போட்டோ எடுத்து அனுப்பு, பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
அப்பா