கஜா புயலும் ஏழாம் வகுப்பும்

அன்பு மாப்ள,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும் மனசு லேசாயிற்று. சொட்டு மருந்தை வேளா வேளைக்குப் போடச் சொல். இங்கே எல்லோரும் சௌக்கியம். மழை ஏமாற்றவில்லை, சம்பா நன்றாக நிற்கிறது.

ஏழாம் வகுப்புப் பிள்ளைகளைக் கிராஃபிக் நாவல், அதாவது கட்டம் கட்டமாகப் படத்தில் சொல்லும் கதைப் புத்தகம், செய்ய வைக்கிறேன் என்றதற்கு, "முதலில் கோடு படியட்டும், உடற்கூறு வரட்டும், கதையெல்லாம் அப்புறம்" என்று எழுதியிருக்கிறாய். கும்பகோணம் ஓவியக் கல்லூரியில் நாம் படித்தது அப்படித்தான், அங்கே அது சரி. பன்னிரண்டு வயதுக்கு அது சரிப்படும் என்று எனக்குத் தோன்றவில்லை. ஐந்தாம் வகுப்பு வரை பயமில்லாமல் யானையும் ரயிலும் போட்ட பிள்ளைகள், இந்த வயதில்தான் பக்கத்து பெஞ்சுக்காரன் படத்தோடு தன் படத்தை ஒப்பிட்டுப் பார்த்து, "எனக்கு வரைய வராது சார்" என்று பென்சிலைக் கீழே வைக்கிறார்கள். அவர்கள் முன்னால் இன்னொரு பூஜாடியைக் கொண்டுபோய் வைத்தால் அந்த எண்ணம் இறுகத்தான் செய்யும். சொல்ல ஒரு கதை கையில் இருந்தால், படம் சுமாராக வந்தாலும் முடித்தே தீர வேண்டும் என்ற வேகம் வந்துவிடுகிறது.

முதல் பாடத்தைத் திருவாரூர் கோயிலில் வைத்துக்கொண்டேன். தேவாசிரிய மண்டபத்து விதான ஓவியம் உனக்கு நினைவிருக்கும். முசுகுந்தன் என்ற புராண அரசனின் கதை வரிசை வரிசையாக ஓடும், என்ன நடக்கிறது என்று தமிழிலேயே எழுதியிருக்கும். பிள்ளைகள் அண்ணாந்து பார்த்து, எந்தக் கூட்டத்திலும் முசுகுந்தனைக் கண்டுபிடித்துவிட்டார்கள். குரங்கு முகம் அல்லவா! உங்கள் கதையில் வருபவரையும் இப்படி எந்தக் கட்டத்திலும் கண்டுகொள்ள முடிய வேண்டும் என்றேன். ரெட்டைச் சடை, கிழிந்த பை, ஒரு பக்கம் சாய்ந்த மூக்குக் கண்ணாடி என்று ஆளுக்கொரு அடையாளத்தோடு மறுவகுப்புக்கு வந்தார்கள். முகம் கட்டத்துக்குக் கட்டம் மாறிப்போகிறதே என்ற கவலை அதோடு பாதி தீர்ந்தது.

அடுத்து 'பீமாயணா'வைக் காட்டினேன். அம்பேத்கரின் வாழ்க்கையைக் கோண்டு பழங்குடி ஓவியர்கள் துர்காபாய் வியாமும் சுபாஷ் வியாமும் வரைந்து 2011இல் வந்த புத்தகம். அதில் வசனம் எழுதுகிற குமிழி கனிவான பேச்சுக்குப் பறவை வடிவில் இருக்கும், கொட்டுகிற பேச்சுக்குத் தேள் கொடுக்கோடு இருக்கும். காமிக்ஸ் என்றாலே சதுரக் கட்டமும் முட்டைக் குமிழியும்தான் என்றிருந்த பிள்ளைகளுக்கு அது பெரிய விடுதலை. ஒரு பெண் தன் அப்பத்தா பேசுவதையெல்லாம் வெற்றிலைக்குள் எழுதிவிட்டாள்! எனக்குத் தோன்றியிருக்காது, மாப்ள.

அந்தப் பெண்ணைப் பற்றித்தான் உனக்கு விரிவாக எழுத வேண்டும். அப்பத்தா சொன்ன கஜா புயல் ராத்திரியைக் கதையாக எடுத்துக்கொண்டாள். 2018 நவம்பரில் இவளுக்கு விவரம் தெரியாத வயது. முதலில் ஒரே கட்டத்துக்குள் காற்று, பறக்கிற ஓடு, சாய்கிற தென்னை, அழுகிற தம்பி என்று எல்லாவற்றையும் அடைத்துக் கொண்டுவந்தாள். "காற்றை எப்படி சார் வரையறது?" என்று கேட்டாள். நான் பதில் சொல்லவில்லை. அப்பத்தா அன்றைக்கு எதைப் பார்த்தார், எதைக் காதால் மட்டும் கேட்டார் என்று வீட்டில் கேட்டுவரச் சொன்னேன். திரும்பி வந்தவள் பக்கத்தை மூன்றாகப் பிரித்தாள். முதல் கட்டத்தில் தாழ்ப்பாளைப் பிடித்திருக்கும் கை. இரண்டாவது முழுக்கக் கறுப்பு, கரண்ட் போய்விட்டதாம், சத்தம் மட்டும்தானாம். மூன்றாவதில் விடிந்திருக்கிறது, தோப்பு முழுவதும் தரையில் கிடக்கிறது. ஒரு வார்த்தைகூட எழுதவில்லை.

இரண்டு கட்டங்களுக்கு நடுவே உள்ள இடைவெளியை வாசகர் மனம் நிரப்பிக்கொள்கிறது என்று காமிக்ஸ் கலையை விளக்கிய ஓவியர் ஸ்காட் மெக்லவுட் 1993இல் எழுதியது நமக்கு எவ்வளவு தாமதமாகப் புரிந்தது! எதை வரையாமல் விடுவது என்று இந்தப் பெண் தானாகவே முடிவெடுத்திருக்கிறாள். அதைத்தான் நான் சொல்லிக்கொடுக்க விரும்பினேன், மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான். நீ கேட்கிற கோடும் தானாக வந்தது. விழுந்த தென்னையின் வேர்ப்பந்து எப்படி இருக்கும் என்று தெரியாமல் மூன்றாம் கட்டத்தை முடிக்க முடியவில்லை, ஆற்றங்கரையில் கிடந்த ஒரு மரத்தின் முன் உட்கார்ந்து திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்திருக்கிறாள்.

செய்முறை சுலபம்தான். ஒரு ஏ4 தாளை எட்டாக மடித்து, நடுவில் ஒரு வெட்டு வெட்டினால் எட்டுப் பக்கப் புத்தகம் தயார். தாளின் ஒரு புறம் மட்டுமே வரைவதால் ஜெராக்ஸ் எடுப்பதும் எளிது. எழுத்தை முதலில் எழுதிவிட்டுப் பிறகு குமிழி போட வேண்டும் என்பதில் மட்டும் நான் கண்டிப்பு. தமிழ்ச் சொற்கள் நீளம், குமிழியை முதலில் போட்டால் கடைசி எழுத்துகள் நசுங்கிப்போகும்.

பொங்கலுக்கு ஊருக்கு வருவாய் அல்லவா? விடுமுறை முடிந்த மறுநாளும் இருந்துவிட்டுப் போ. படம் எடுக்கும் முன் காட்சிகளைக் கட்டம் கட்டமாக வரைந்து ஸ்டோரிபோர்டு போடுவதுதானே உன் தொழில், கேமரா கிட்டே போவதையும் தள்ளிப்போவதையும் நீ சொல்லிக்கொடுத்தால் என்னைவிட நன்றாக இருக்கும். தலைமையாசிரியரிடம் கேட்டுவிட்டேன், சம்மதம். வரும்போது உன் பழைய பிரஷ் பேனாக்கள் இருந்தால் எடுத்து வா, காய்ந்திருந்தாலும் பரவாயில்லை. எந்தத் தேதி என்று மட்டும் உடனே எழுது.

அன்புடன்,
உன் மச்சான்