பாதி உண்மை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்கக் கறுப்பின மக்களின் குடிசார் உரிமைப் போராட்டத்தைக் கிறிஸ்தவம் முன்னின்று நடத்தியது என்று பொதுப்படச் சொல்லிவிடுவது வழக்கமாகிவிட்டது. அது பாதி உண்மைதான். 1955 டிசம்பர் 5 மாலை அலபாமா மாநிலத்து மான்ட்கோமரி நகரின் ஹோல்ட் தெரு பாப்டிஸ்ட் தேவாலயத்தில் ஆயிரக்கணக்கானோர் கூடி, பேருந்துகளில் நிலவிய நிறப் பாகுபாட்டை எதிர்த்த பேருந்துப் புறக்கணிப்பைத் தொடர முடிவெடுத்ததும், அது 381 நாள்கள் தளராமல் நீடித்ததும், கறுப்பினத் தேவாலயங்கள் இடமும் பணமும் வாகனமும் தந்து உதவியதால் இயன்றவை. ஆனால் 1963 ஏப்ரலில் அதே மாநிலத்துப் பர்மிங்ஹாம் நகரில், ஆர்ப்பாட்டங்களிலிருந்து விலகியிருக்கும்படி கறுப்பின மக்களுக்கு அறிக்கை விடுத்த எட்டு வெள்ளையின மதத் தலைவர்களில், ஒரு யூத குருவைத் தவிர மற்ற எழுவரும் கிறிஸ்தவர்களே. பெரிய வெள்ளியன்று (எத்தகைய நாள் பாருங்கள்!) கைதான போராட்டத் தலைவரும் பாப்டிஸ்ட் போதகருமான மார்ட்டின் லூதர் கிங், சிறையில் செய்தித்தாளின் ஓரங்களில் எழுதத் தொடங்கிய பதிலில், நீதியைவிட ஒழுங்கையே பெரிதெனக் கருதிக் காத்திருக்கச் சொல்லும் வெள்ளையின மிதவாதிகளே பெருந்தடையோ என்று எண்ணும் நிலைக்குத் தாம் வந்துவிட்டதாக வருந்தினார். அதே ஆண்டு செப்டம்பர் 15, ஞாயிற்றுக்கிழமை, அந்நகரின் பதினாறாம் தெரு பாப்டிஸ்ட் தேவாலயத்தில் வெள்ளையின வெறியர்கள் வைத்து வெடித்த குண்டுக்கு நான்கு சிறுமிகள் பலியாயினர்.

இனி இப்பொருள் குறித்துக் கட்டுரை வெளியிடும்போது, அந்த எண்மரின் அறிக்கையையும் தமிழில் தர வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
பாளையங்கோட்டை.