கூலர் பேஸ்ட் பற்றிய புகாருக்காக, வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். நம் கடையில் ஓவர்கிளாக் செய்து (பிராசசரை வழக்கமான வேகத்துக்கு மேல் ஓட்டும்படி அமைத்து) வாங்கிய கணினி ஒன்றின் கூலரை, அதாவது பிராசசரின் சூட்டை வெளியேற்றும் பாகத்தை, கழற்றிப் படம் எடுத்து, "பேஸ்டில்கூட மிச்சம் பிடிக்கிறார்கள்" என்று ஒருவர் எழுதியது உங்களில் பலருக்கும் வந்திருக்கும். அது நம் கடைக் கணினிதான், மறுக்கவில்லை. பேஸ்ட் என்பது பிராசசருக்கும் கூலருக்கும் நடுவே பூசும், வெப்பத்தைக் கடத்தும் பசை. படத்தில், பிராசசர் சில்லை மூடியிருக்கும் உலோக மூடியின் மேல் சாம்பல் நிறத்தில் மெல்லிய படலம், நடுவில் உலோகம் லேசாகத் தெரிகிறது. காசு கொடுத்து வாங்கியவருக்கு அதைப் பார்த்ததும் மனம் பதறியதில் வியப்பில்லை. வேகம் போதவில்லை, தாமதம் ஆகிறது என்று சொல்லியிருந்தால் பேசாமல் இருந்திருப்பேன். பேஸ்டில் மிச்சம் பிடிப்பதாகச் சொன்னதுதான் தாங்கவில்லை.

பிராசசர் மூடியும் கூலரின் அடித்தகடும் கண்ணுக்கு வழவழப்பாகத்தான் இருக்கும். உண்மையில் இரண்டிலும் நுண்ணிய மேடு பள்ளங்கள் உண்டு. ஒன்றின் மேல் ஒன்றை வைத்தால் அந்த இடுக்குகளில் காற்று தங்கிவிடும். வெப்பத்தைக் கடத்துவதில் காற்று மிகவும் மோசம். செம்பின் கடத்துதிறன் சுமார் 400 என்றால், அதே அலகில் காற்றுக்கு 0.026தான். நல்ல பேஸ்டுக்கே பத்தை ஒட்டித்தான் வரும். அதாவது பேஸ்ட் காற்றைவிடப் பல மடங்கு மேல், ஆனால் செம்போடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. இடுக்கை அடைக்கும் அளவுக்கு அது இருந்தால் போதும். அதற்கு மேல் உள்ள ஒவ்வொரு பூச்சும் வெப்பம் போகும் வழியில் நிற்கும் தடை.

இன்னொன்று, எவ்வளவு வைத்தாலும் கடைசியில் தங்கும் கனத்தைத் தீர்மானிப்பது திருகுகளின் அழுத்தம். கூலரைச் சரியாக முடுக்கினால் மிகையான பேஸ்ட் ஓரம் வழியாகப் பிதுங்கி வந்துவிடும். நடுவில் உலோகம் தெரிகிறது என்றால் அங்கே அழுத்தம் நன்றாக விழுந்திருக்கிறது என்று பொருள். பயப்பட வேண்டியது வேறு அடையாளங்களுக்கு: ஒரு மூலையில் பேஸ்டே தொடாமல் காய்ந்து கிடப்பது, அல்லது ஒரு பக்கம் தடித்தும் மறுபக்கம் மெலிந்தும் இருப்பது. திருகுகளை ஒரு பக்கமாக முடுக்கினால் அப்படி ஆகும். நாம் குறுக்கு மூலைகளாக, அரைச் சுற்று அரைச் சுற்றாக முடுக்குகிறோம். பிறகு ஒருமுறை கழற்றி, பேஸ்ட் எங்கெங்கே பரவியிருக்கிறது என்று பார்த்து, ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் சுத்தமாகத் துடைத்துவிட்டுப் புதிதாகப் பூசி மாட்டுகிறோம். மிச்சம் பிடிக்க நினைப்பவர்கள் ஒரு கணினிக்கு இரண்டு தடவை பேஸ்ட் போட மாட்டார்கள்.

அந்தப் படத்தில் கூலரின் அடித்தகடு இல்லை என்பதையும் கவனியுங்கள். கூலரைப் பிரிக்கும்போது பேஸ்டில் ஒரு பங்கு அந்தப் பக்கமும் ஒட்டிக்கொண்டுதான் வரும். ஒரு பக்கத்தை மட்டும் பார்த்து அளவு சொல்ல முடியாது.

அடுத்தது, பிராசசரின் வெப்பநிலை "90 டிகிரி காட்டுகிறது" என்ற புகார். வோல்டேஜ் கூடினால் வெப்பம் அதன் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். 4.5 கிகாஹெர்ட்ஸில் 1.20 வோல்ட்டில் ஓடும் பிராசசரை 5.0 கிகாஹெர்ட்ஸுக்கு ஏற்றி, அதற்காக 1.35 வோல்ட் கொடுத்தால், வேகம் கூடுவது 11 சதவீதம். வெப்பமோ ஏறத்தாழ 40 சதவீதம் கூடும். அவ்வளவும் விரல் நகம் அளவே உள்ள சில்லிலிருந்து வெளியேற வேண்டும். பிரைம்95 போன்ற சோதனை மென்பொருளை முழுச் சுமையில் ஓட்டும்போது 90-ஐத் தொடுவது கோளாறு அல்ல. 2022-ல் வந்த ஏஎம்டியின் ரைசன் 7000 பிராசசர் வரிசை முழுச் சுமையில் 95 டிகிரி வரை போகும்படியே வடிவமைக்கப்பட்டது. இன்டெல் சில்லுகள் பலவும் 100 டிகிரியை எட்டும்போது தாமே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். வெறுமனே ஒரு கோப்பைத் திறந்து வைத்திருக்கும்போதே 80-லேயே நின்றால் மட்டும் உடனே கொண்டு வாருங்கள், அது பார்க்க வேண்டிய விஷயம்.

எவ்வளவு நல்ல கூலரானாலும் அதைச் சுற்றியுள்ள காற்றைவிடக் குளிராகப் பிராசசரை வைக்க முடியாது. காற்று 10 டிகிரி சூடானால் பிராசசரும் ஏறக்குறைய 10 டிகிரி ஏறும். கேபினட்டை மேசையின் அடி அலமாரிக்குள் வைத்துக் கதவைச் சாத்தினால் அது தான் விட்ட சூட்டையே திரும்ப இழுக்கும். முன்பக்க வலையில் தூசி அடைத்தாலும் இதே கதிதான். வாட்டர் கூலர் (குழாயில் ஓடும் நீரால் குளிர்விப்பது) வைத்திருப்பவர்கள், பம்ப் அந்த நீர்ச் சுற்றிலேயே உயரமான இடத்தில் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். உள்ளே இருக்கும் காற்றுக்குமிழி மேலே போய்த்தான் தங்கும். அது நீரின் சூட்டை வெளியே விடும் ரேடியேட்டரில் நின்றால் தொந்தரவில்லை, பம்பில் நின்றால் சத்தமும் வரும், ஆயுளும் குறையும்.

பிராசசர் மூடியைக் கழற்றி, உள்ளே பேஸ்டுக்குப் பதில் லிக்விட் மெட்டல் (திரவ உலோகம்) போட்டுக்கொடுத்த தம்பி வேறு வேலைக்குப் போய்விட்டார். நல்ல கை அவருடையது, எங்கிருந்தாலும் நன்றாக இருக்கட்டும். காலியம் கலந்த அந்தக் கலவை மின்சாரத்தைக் கடத்தும், அலுமினியத்தை அரித்துவிடும். பழகாத கையில் கொடுக்க எனக்கு மனமில்லை, அதனால் அந்த வேலையை நிறுத்தியிருக்கிறோம். 2012-ல் வந்த இன்டெலின் ஐவி பிரிட்ஜ் பிராசசர்களில் மூடிக்கு அடியில், உருக்கி ஒட்டும் உலோகமான சால்டருக்குப் பதில் பேஸ்ட் இருந்தது, அப்போது மூடி கழற்றுவதற்கு நியாயம் இருந்தது. 2018-ல் வந்த இன்டெலின் கோர் ஐ9-9900கே பிராசசரில் சால்டர் திரும்ப வந்தது, அதற்குப் பின் அந்தத் தேவை வெகுவாகக் குறைந்துவிட்டது. பேஸ்ட் மாற்றும் வேலைக்கு அடுத்த மாதம் முதல் தனிக் கட்டணம் உண்டு.

இந்தப் புகார் பரவியபோது எங்களைக் கேட்காமலே எங்களுக்காகப் பேசிய வாடிக்கையாளர்களை நான் மறக்க மாட்டேன். தங்கள் கணினியின் வெப்ப அளவைப் படம் பிடித்துப் போட்டுக் காட்டினீர்கள். ஆண்டுக்கணக்காக ஒரே இடத்தில் வாங்கி, நண்பர்களையும் அழைத்து வரும் உங்களுக்கு வெறும் நன்றி என்ற சொல் போதாது.

புகார் எழுதியவர் உட்பட, சந்தேகம் உள்ள யாரும் இந்த மாத இறுதிக்குள் கணினியைக் கொண்டு வரலாம். உங்கள் கண் முன்னாலேயே கூலரைக் கழற்றி இரண்டு பக்கமும் காட்டிவிட்டு, புதுப் பேஸ்ட் பூசித் தருகிறோம், இதற்குக் காசு வேண்டாம். ஒரு கிலோவுக்கு மேல் எடையுள்ள பெரிய கூலர் வைத்திருப்பவர்கள் கேபினட்டை நிமிர்த்திக் கொண்டு வராமல், மதர்போர்டு அடியிலும் கூலர் மேலேயும் இருக்கும்படி படுக்க வைத்துக் கொண்டு வாருங்கள். வழியில் குலுங்கும்போது கூலரின் எடை போர்டை இழுக்காது.

அன்புடன்,
கடை உரிமையாளர்