ஒரே குப்பி எல்லாத் தலைக்கும் ஆகாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் முடி உதிர்வுக்கும் முகப்பருவுக்கும் ஆயுர்வேதக் குறிப்புகள் என்று அரைப்பக்கம் போட்டிருந்தீர்கள். திங்கட்கிழமை கடை திறக்கும்போதே அந்தத் தாளை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு ஆட்கள் நின்றார்கள். நாகர்கோவில் வடசேரியில் மாமனார் காலத்திலிருந்து நடக்கும் நாட்டு மருந்துக்கடை எங்களுடையது. வியாபாரம் நன்றாகவே நடந்தது, அதில் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் எழுதியிருந்த எதிலும் இது யாருக்கு ஆகும், யாருக்கு ஆகாது என்று ஒரு வரிகூட இல்லை. அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

நீலிபிருங்காதியையே எடுத்துக்கொள்வோம். சகஸ்ரயோகம் என்ற ஆயுர்வேத நூலில் உள்ள நல்ல தலை எண்ணெய். அவுரி, கரிசலாங்கண்ணி, நெல்லிக்காய் சாறெடுத்து, பசும்பால், ஆட்டுப்பால், எருமைப்பால், தேங்காய்ப்பால் எல்லாம் விட்டுக் காய்ச்சுவது. தேங்காயெண்ணெயில் காய்ச்சினால் கேரம், நல்லெண்ணெயில் காய்ச்சினால் தைலம். தலை சூடு என்று வருகிறவருக்குக் கேரம் எழுதும் வைத்தியர், சளியும் நீர்க்கோவையுமாக இருப்பவருக்கு அதை எழுத யோசிப்பார். 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சியில், மலையாள நாட்டோடு இருந்த ஊர் இது. இரண்டும் இங்கே எப்போதும் புழக்கத்தில் உண்டு. சீட்டில் கேரமா தைலமா என்று எழுதாமல் யாராவது வந்தால் மாமனார் மருந்தை எடுக்கவே மாட்டார், வைத்தியரிடம் கேட்டு வரச் சொல்லித் திருப்பி அனுப்புவார். உங்கள் குறிப்பிலோ "நீலிபிருங்காதி எண்ணெயை இரவில் தேய்த்துக் காலையில் குளிக்கவும்" என்பதோடு சரி.

அப்புறம் அந்த வீட்டுத் தயாரிப்பு. கரிசலாங்கண்ணிப் பொடியைத் தேங்காயெண்ணெயில் போட்டு வெயிலில் வைக்கச் சொல்லியிருந்தீர்கள். பொடியில் ஈரம் இருந்தால் எண்ணெய் சிக்கு வாடை அடித்துப் போகும், சில சமயம் பூசணமே பிடிக்கும். முறையாகக் காய்ச்சுகிறவர்கள் சும்மா இறக்கிவிடுவதில்லை. அடியில் நிற்கும் கல்கத்தை, அதாவது அரைத்துப் போட்ட மூலிகை விழுதை, எடுத்து விரலில் உருட்டிப் பார்ப்பார்கள். திரியில் எண்ணெயைத் தொட்டுக் கொளுத்திப் பார்ப்பார்கள். படபடவென்று வெடித்தால் தண்ணீர் இன்னும் வற்றவில்லை, மறுபடியும் அடுப்பில் ஏறும். பொடுகு அரித்துக்கொண்டிருக்கும் தலையில் எந்த எண்ணெயை ஊறப் போட்டாலும் பொடுகு கூடலாம், ஏனென்றால் பொடுகுக்குக் காரணமான பூஞ்சைக்கு எண்ணெய்ப் பசைதான் சாப்பாடு.

முடி ஏன் கொட்டுகிறது என்று பார்க்காமல் எண்ணெய் கேட்கிறவர்கள்தான் அதிகம். டெங்கு மாதிரிக் கடும் காய்ச்சல் வந்து போனபின்னும், பிரசவம் ஆனபின்னும் இரண்டு மூன்று மாதம் கழித்து முடி கொத்தாகக் கொட்டும். பெரும்பாலும் ஆறு மாதம், ஒரு வருஷத்தில் தானாகவே தேறிவிடும். மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர் வளரும் முடிக்கு அவ்வளவு நாள் வேண்டும். அந்த நேரத்தில் கையில் எந்தக் குப்பி இருந்ததோ அது பேர் வாங்கிக்கொள்ளும். எங்கள் கடைக் குப்பியும் அப்படிப் பேர் வாங்கியிருக்கிறது, மறுக்கவில்லை. இரத்தசோகையாலோ தைராய்டாலோ கொட்டுகிற முடிக்கு மேலே தடவும் தைலம் என்ன செய்யும்? காசு அளவுக்கு வட்டமாக உதிரும் புழுவெட்டுக்குப் புழுவும் காரணமில்லை, பூச்சியும் காரணமில்லை. உடம்பின் எதிர்ப்பு சக்தியே முடி வேரைத் தாக்குவதால் வருவது அது. அதை மருத்துவர்தான் பார்க்க வேண்டும்.

சில மாதம் முன்பு ஒரு கல்லூரிப் பிள்ளை அம்மாவோடு வந்தாள். நெற்றியிலும் முடி தொடங்கும் விளிம்பிலும் பொடிப் பொடியாகப் பரு, தாடையில் பெரிதாக நாலைந்து. வகிடு அகலமாகத் தெரிந்தது. முடி கொட்டுகிறது என்று தினமும் ராத்திரி எண்ணெய் ஊற வைத்து அப்படியே தூங்குகிறாள். அது நெற்றிக்கு இறங்கிப் பருவாகிறது. பருவுக்கு மருந்து என்று குங்குமாதி தைலம் தடவுகிறாள். குங்குமப்பூவும் ஆட்டுப்பாலும் சேரும் விலை கூடிய சரக்குதான், ஆனால் அதுவும் நல்லெண்ணெயில் காய்ச்சியது. வறண்ட முகத்துக்கு அது சரி. ஏற்கெனவே எண்ணெய் வழிகிற முகத்தில் அதை ஏற்றினால் பரு எப்படி அடங்கும்?

பையிலிருந்து ஒரு வெள்ளை டப்பாவையும் எடுத்து வைத்தாள். மூடியில் பச்சை இலைப் படம், "100 சதவீதம் மூலிகை" என்று எழுத்து, ஒரு போன் நம்பர். திருப்பித் திருப்பிப் பார்த்தேன். உரிம எண் இல்லை, தொகுதி (பேட்ச்) எண் இல்லை, என்ன சரக்கு சேர்ந்தது என்பதும் இல்லை. போட்டால் நாலு நாளில் முகம் கண்ணாடி மாதிரி ஆகிறதாம், நிறுத்தினால் முன்னைவிட அதிகமாகப் பரு கிளம்புகிறதாம், வெயில் பட்டால் சிவந்து எரிகிறதாம். எந்த மூலிகையும் நாலு நாளில் இப்படி வேலை செய்து நான் பார்த்ததில்லை. "மாசம் ஒழுங்கா வருதா மக்களே?" என்று கேட்டேன். "இல்லக்கா, ரெண்டு மாசத்துக்கு ஒருக்காதான்" என்றாள். அம்மாவுக்கே அது அப்போதுதான் தெரியும் போல, முகம் மாறிவிட்டது. தாடைப் பரு, அகன்ற வகிடு, தள்ளிப் போகும் மாதவிலக்கு மூன்றும் ஒன்றாக இருந்தால் சினைப்பை நீர்க்கட்டி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நான் எதையும் விற்கவில்லை. டப்பாவையும் எடுத்துக்கொண்டு ஆசாரிப்பள்ளம் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னேன். ஸ்டீராய்டு கலந்த கிரீமாகத்தான் இருக்க வேண்டும் என்று அங்கே தோல் டாக்டர் சொன்னதாக அம்மா பிறகு வந்து சொன்னார். தோலில் தடவும் ஸ்டீராய்டுகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018-லேயே விதியை இறுக்கியிருக்கிறார்கள். இலைப் படம் போட்டு வருவதை யார் தடுப்பது?

வாசகர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஆயுர்வேத, சித்த மருந்துகளை விற்க என்னைப் போன்ற கடைக்காரருக்கு மருந்து உரிமம் தேவையில்லை. தயாரிப்பவருக்குத்தான் தேவை. அதனால் கடையைப் பார்த்து நம்பாதீர்கள், லேபிளைப் பாருங்கள். தயாரிப்பு உரிம எண், தொகுதி எண், தயாரித்த தேதி, சேர்ந்த சரக்குகள், இவ்வளவும் இருக்க வேண்டும். அழகு சாமான் என்று சொல்லி விற்றாலும் தயாரிக்க உரிமம் வேண்டும். வீட்டில் காய்ச்சி வாட்ஸ்அப்பில் விற்பவர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது, சட்டம் அவர்களுக்கும் சேர்த்துத்தான். புகார் இருந்தால் சென்னை அரும்பாக்கத்தில் உள்ள இந்திய மருத்துவம், ஓமியோபதி இயக்குநரகத்துக்கு எழுதலாம்.

இனி உங்களுக்கு. அந்தக் குறிப்புக்கு நேர் கீழே "வழுக்கையில் புது முடி, 21 நாளில்" என்று ஒரு விளம்பரம் இருந்தது. மருந்து விதிகளின் ஜே அட்டவணையில், குணமாக்குவதாக மருந்துகள் சொல்லிக்கொள்ளக் கூடாதவை என்று ஒரு பட்டியல் உண்டு. வழுக்கையும் புது முடி வளர்ப்பதும் அதில் இருக்கின்றன, தோலைச் சிவப்பாக்குவதும் இருக்கிறது. விளம்பரம் வாங்கும் மேசையில் இருப்பவர்களுக்கு அந்தப் பட்டியலை ஒரு பிரதி எடுத்துக் கொடுங்கள். குறிப்பு எழுதுகிறவர் வைத்தியராக இருக்கட்டும், பெயரும் படிப்பும் போடட்டும். எங்கள் ஊர் கோட்டாறிலேயே அரசு ஆயுர்வேதக் கல்லூரி இருக்கிறது, கேட்டால் எழுதித் தர மாட்டார்களா?

வரும் ஞாயிறு குளியல் பொடி பற்றி எழுதப்போவதாக அறிவிப்பு பார்த்தேன். பயறு, பூலாங்கிழங்கு, கஸ்தூரி மஞ்சள், ஆவாரம்பூ, வெட்டிவேர் பற்றியெல்லாம் தாராளமாக எழுதுங்கள். கார்போகரிசி என்ற விதையைச் சேர்த்தால் மட்டும் கொஞ்சம் நில்லுங்கள். வெண்படைக்கு வைத்தியர் அதைக் கொடுப்பதே வெயிலோடு சேர்ந்து தோலில் வேலை செய்யும் என்பதற்காகத்தான். மென்மையான தோல் உள்ள பிள்ளை அதைத் தேய்த்துக் குளித்துவிட்டு மத்தியான வெயிலில் பஸ்ஸுக்கு நின்றால் எரிச்சல் எடுக்கும், கொப்புளமும் வரலாம், பிறகு அந்த இடம் கறுக்கும். இதையும் சேர்த்து அச்சிடுங்கள். இல்லாவிட்டால் திங்கட்கிழமை வருகிற ஒவ்வொருவரிடமும் நான்தான் நின்று சொல்லிக்கொண்டிருக்க வேண்டும், கடையில் அதற்கு ஆள் இல்லை.

இப்படிக்கு,
நாட்டு மருந்துக்கடை நடத்தும் ஒரு வாசகி,
வடசேரி, நாகர்கோவில்.