பேசோபில் பழுப்பு நிறமல்ல: நிதிக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய துணைவேந்தர் அவர்களுக்கும் நிதிக் குழு உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

வகுப்பறைத் தொழில்நுட்பத்தை மேம்படுத்துவதற்கான இணை மானியம் குறித்துச் சென்ற வாரம் துறைகளுக்கு வந்த சுற்றறிக்கையைப் படித்தபின் இதை எழுதுகிறேன். சென்ற ஆண்டுச் சுற்றறிக்கைக்கும் இதற்கும் தேதியைத் தவிர எனக்கு வேறுபாடு தெரியவில்லை. செலவில் பாதியைத் துறை முன்கூட்டியே செலுத்தினால் மறுபாதியைப் பல்கலைக்கழகம் தரும். செலுத்தாத துறையின் விண்ணப்பம் பரிசீலிக்கப்படாது. இந்த ஒரு காரணத்தால் விலங்கியல் துறையின் விண்ணப்பம் சென்ற முறை திரும்பி வந்ததும், அதன்பின் நாங்கள் எழுதிய இரு கடிதங்களும் தங்கள் கோப்பிலேயே இருக்கும். ஆகவே பழைய கதையை விரிக்காமல் ஒரே ஒரு வகுப்பைப் பற்றிச் சொல்கிறேன்.

முதுகலை முதலாமாண்டு வகுப்பறையின் கூரையில் தொங்கும் புரொஜெக்டர் நீல நிறத்தை இழந்துவிட்டது. இவ்வகைக் கருவியில் விளக்கொளி சிவப்பு, பச்சை, நீலம் என மூன்றாகப் பிரிந்து, தனித்தனிப் படிகத் தகடுகளின் வழியே சென்று, மீண்டும் ஒன்றுசேர்ந்து திரையில் விழும். நீல ஒளிக்கு அலைநீளம் குறைவு, ஆற்றல் அதிகம் என்பதால் அதன் பாதையில் இருக்கும் மென்படலம்தான் முதலில் கருகும். கருகினால் வெள்ளைத் திரை மஞ்சளாகிவிடும். இது தெரியாத நாங்கள், துறையின் சில்லறைச் செலவுக் கணக்கில் எஞ்சியிருந்ததைத் துடைத்தெடுத்துப் புது விளக்கு வாங்கிப் போட்டோம். அதுவரை மங்கிய மஞ்சளாக இருந்தது பளிச்சென்ற மஞ்சளாயிற்று. அவ்வளவுதான் கண்ட பலன்.

எழுத்துகளை மட்டும் காட்டிப் பாடம் நடத்தும் வகுப்பென்றால் மஞ்சள் திரையோடு காலம் தள்ளிவிடலாம். நான் நடத்துவது இரத்த அணுக்கள். அணுக்களுக்கு நிறமூட்டும் லீஷ்மன் சாயத்தில் இயோசின், மெத்திலீன் நீலம் என்று இரண்டு உண்டு. எந்த அணுவின் துகள்கள் எந்தச் சாயத்தைப் பிடிக்கின்றன என்பதை வைத்தே இயோசினோபில், பேசோபில் என்று இருவகை வெள்ளணுக்களுக்குப் பெயர்கள் ஏற்பட்டன. ஒன்றின் துகள்கள் செம்மஞ்சள், மற்றதன் துகள்கள் கருநீலம் கலந்த ஊதா. பேசோபில் வெள்ளணுக்களில் நூற்றுக்கு ஒன்றுகூடத் தேறாது; மாணவர் தம் விரலில் குத்தி எடுத்த இரத்தப் பூச்சில் அரைமணி நேரம் தேடினாலும் அகப்படாமல் போகலாம். அதனால்தான் நல்ல படமொன்றைத் திரையில் பெரிதாகக் காட்டிக் கண்ணைப் பழக்குகிறோம். எங்கள் திரையிலோ ஊதா பழுப்பாகவும், செம்மஞ்சள் இன்னும் கொஞ்சம் மஞ்சளாகவும் விழுகின்றன.

சென்ற பருவத்தில் ரெக்கார்டு நோட்டுகளைத் திருத்தும்போது ஒரு மாணவி பேசோபிலைப் பழுப்புப் பென்சிலால் அழகாக, துகள் துகளாகத் தீட்டியிருந்தார். அடுத்த நோட்டிலும் பழுப்பு, அதற்கடுத்ததிலும் அப்படியே. ஒருவரைப் பார்த்து மற்றவர் வரைந்ததாக முதலில் எண்ணினேன். கூப்பிட்டுக் கேட்டபோது அந்த மாணவி, "போர்டுல அப்படித்தான சார் தெரிஞ்சுது" என்றார். கண்ணால் கண்டதைக் கண்டபடி வரைந்தவருக்கு மதிப்பெண்ணைக் குறைப்பதா என்று அன்று சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்திருந்தேன். குறைக்கவில்லை. இப்போது ஒவ்வொரு படத்தையும் வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் அனுப்பிவிட்டு, "திரையைப் பார்க்காதீர்கள், கைப்பேசியைப் பாருங்கள்" என்று சொல்லிப் பாடம் நடத்துகிறேன். வகுப்பில் கைப்பேசிக்குத் தடை விதித்த சுற்றறிக்கையும் தங்கள் அலுவலகத்திலிருந்தே வந்தது என்பதை மரியாதையுடன் நினைவூட்டுகிறேன்.

இதற்கு நாங்கள் கேட்டது நான்கு இலட்ச ரூபாய்: இரண்டு வகுப்பறைகளுக்கு லேசர் வகைப் புரொஜெக்டர்கள், பழைய வி.ஜி.ஏ. கம்பிகளுக்குப் பதிலாக எச்.டி.எம்.ஐ. இணைப்பு, ஒரு யு.பி.எஸ். பழைய வகை விளக்கு சில ஆயிரம் மணி நேரத்தில் மங்கிவிடும். லேசர் ஒளிமூலம் ஏறத்தாழ 20,000 மணி நேரம் உழைக்கும் என்பதால்தான் அதைக் கேட்டோம். எங்கள் பங்கு இரண்டு இலட்சம். அந்தத் தொகை எங்கிருந்து வரும் என்பதைச் சுற்றறிக்கையை எழுதியவர் ஒரு நிமிடம் எண்ணிப் பார்த்திருக்கலாம். சுயநிதிப் படிப்புகள் நடத்தும் துறைகளுக்கும், வெளியாருக்கு ஆலோசனை வழங்கிக் கட்டணம் பெறும் துறைகளுக்கும் தனி வருவாய் உண்டு. எங்களுக்கு இரண்டும் இல்லை. ஆய்வுத் திட்டங்களின் மேற்செலவுத் தொகை பல்கலைக்கழகக் கணக்கில் சேர்கிறது. ஆய்வு நிதியை வகுப்பறைக்குத் திருப்பினால் தணிக்கையில் மாட்டிக்கொள்வோம். மாணவர்களிடம் "விருப்பமாக" வசூலித்துக் கொள்ளலாமே என்று அலுவலகத்தில் ஒருவர் வாய்மொழியாகச் சொன்னார். அதை எழுத்தில் தரும்படி கேட்டோம், இன்றுவரை வரவில்லை.

ஆகவே எங்கள் கோரிக்கை ஒன்றுதான்: துறையின் பங்கை அதன் வருவாய்க்கேற்ப நிர்ணயியுங்கள். இது புதுமையானதல்ல. 2013இல் தொடங்கிய, மாநில உயர்கல்விக்கு நிதி தரும் ரூசா திட்டத்தில் பொதுவான மாநிலங்களுக்கு மத்திய, மாநிலப் பங்குகள் 60:40 என்றால், வடகிழக்கு மாநிலங்களுக்கும் இமயமலை மாநிலங்களுக்கும் 90:10 என்றே வைத்தார்கள். கையில் இருப்பவருக்கும் இல்லாதவருக்கும் ஒரே அளவுகோல் பொருந்தாது என்பது தில்லிக்கே தெரிந்திருக்கிறது. இங்கே ஒரு வளாகத்துக்குள் அது தெரியாமற்போனதால், ஏற்கெனவே ஸ்மார்ட் போர்டு உள்ள துறைக்கு இரண்டாவது போர்டு வருகிறது; சுண்ணக்கட்டித் துறைக்குச் சுண்ணக்கட்டியே மிச்சம்.

கல்வி நிறுவனங்களை மதிப்பிட்டுத் தரச்சான்று தரும் நாக் அமைப்பின் குழு வரும் ஆண்டில் மட்டும் நிலைமை வேறு. நான்காம் அளவுகோலில் எத்தனை வகுப்பறைகளில் கருவிகள் உள்ளன என்று எண்ணும்போது எங்கள் மஞ்சள் புரொஜெக்டரும் ஓர் எண்ணாகச் சேர்ந்துகொள்கிறது. அது கூரையில் தொங்கினால் போதும், நீலம் தெரிய வேண்டியதில்லை. பார்வை நாளன்று வாடகைக்கு வந்த திரைகள் மறுநாள் மாலையே லாரி ஏறிய காட்சியையும் நாங்கள் வராந்தாவில் நின்று பார்த்தோம். வாயிற்புறத்தில் இரவெல்லாம் எரியும் பெயர்ப்பலகையின் நீல எழுத்துகளைக் காணும்போது, அந்த நீலத்தில் கொஞ்சம் எங்களுக்குக் கிடைத்தால் என்ன என்று தோன்றுவதுண்டு.

பொறுத்தருள வேண்டும்; கேட்க வந்ததை விட்டு எங்கோ போய்விட்டேன்.

கடலுக்கு இவ்வளவு அருகில் இருக்கும் வளாகத்தில் உப்புக்காற்று எந்தக் கருவியையும் நெடுநாள் விட்டுவைக்காது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது, கூரை வழியே ஒழுகிய நீரில் எங்கள் மற்றொரு வகுப்பறையின் புரொஜெக்டர் போனது. அது இன்னும் பழுதுப் பதிவேட்டிலேயே கிடக்கிறது. ஆகவே வாங்குவதற்கு மட்டுமன்றிப் பராமரிப்பு ஒப்பந்தத்துக்கும் மானியத்தில் இடமிருந்தால் நல்லது. ஒப்புதல் பிப்ரவரியில் வந்தால் அரசுக் கொள்முதலுக்கான ஜெம் இணையதளத்தில் ஏற்றி, விலை பெற்று, பொருள் வந்து இறங்குவதற்குள் மார்ச் 31 கடந்து நிதி காலாவதியாகிவிடும் என்பது தங்களுக்குத் தெரியாததன்று. இவையெல்லாம் அடுத்த கட்டம். முதலில் பங்கு விகிதத்தை மாற்றுங்கள்.

இம்முறையும் எங்கள் விண்ணப்பம் குறித்த நாளுக்குள் தங்கள் அலுவலகத்துக்கு வந்து சேரும். அதில் துறையின் பங்குத் தொகை எழுத வேண்டிய கட்டம் காலியாக இருக்கும். தவறுதலாக விடுபட்டதாகக் கருத வேண்டாம். "முழுமையற்றது" என்று முத்திரையிட்டுத் திருப்பாமல், மாணவியின் ஒப்புதலுடன் அதனோடு இணைத்துள்ள ரெக்கார்டு நோட்டுப் பக்கத்தின் வண்ண நகலையும் சேர்த்து, நிதிக் குழுவின் அடுத்த கூட்டத்தில் வைக்குமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
விலங்கியல் துறை ஆசிரியர் ஒருவர்
புதுச்சேரி