குதிரை வளர்ப்போர் சங்கம்: 2024-25 ஆண்டறிக்கை

எல்லாருக்கும் வணக்கம். பொதுக்குழுவுக்கு 61 பேரில் 17 பேர்தான் வந்தார்கள், அதனால் இங்கேயும் போடுகிறேன், தயவுசெய்து முழுசாகப் படியுங்கள்.

ஆடியில் வழக்கம்போல் அந்தியூர் குருநாதசுவாமி கோயில் சந்தைக்குப் போனோம். குடற்புழு முகாம் இரண்டு நடந்தது. பொங்கலுக்குக் கூடினோம்.

மற்ற நேரமெல்லாம் நம் குதிரைகளின் வம்சப் பதிவேட்டுக்கே போனது. சந்தையில் ராஜஸ்தானின் மார்வாரி இனம் என்கிறார்கள், குஜராத்தின் கத்தியவாரி இனம் என்கிறார்கள், தாய் தகப்பன் எது என்று கேட்டால் வாய்ச்சொல்தான். அந்த இனங்களின் அடையாளமான காது நுனி வளைந்திருப்பதைப் பார்த்துப் பணத்தை எண்ணிக் கொடுத்துவிடுகிறோம். பல்லைப் பிடித்துப் பார்த்தால் வயது தெரியும், வம்சம் தெரியுமா? இந்த வருஷம் 38 குதிரைகளுக்குக் கழுத்தின் இடப்பக்கம் அடையாளத்துக்கான மைக்ரோசிப் வைத்து, அதன் 15 இலக்க எண்ணோடு சுழிகளையும் படம் வரைந்து வைத்திருக்கிறேன். ராசிக்காக இல்லை, ஒரு குதிரையின் சுழி அமைப்பு இன்னொன்றுக்கு அப்படியே வராது என்பதற்காக.

அப்புறம் ஓட்டக் கணக்கு. 20 கிலோமீட்டர் ஓட்டி நிறுத்தி, இதயத்துடிப்பு நிமிஷத்துக்கு 64 ஆக இறங்க எத்தனை நிமிஷம் ஆகிறது என்று குறித்தோம். சர்வதேச நெடுந்தூரப் போட்டிகளிலும் அந்த 64தான் அளவு. முதல் ஓட்டத்துக்கு 19 குதிரைகள் வந்தன, நாலாவதுக்கு ஐந்து. நன்றாக ஓடினதை மட்டும் எழுதச் சொல்கிறீர்கள், நொண்டினதைச் சொல்லவே மாட்டேன் என்கிறீர்கள். ஒரு பொலிகுதிரைக்கு, அதாவது இனவிருத்திக்கு விடும் ஆண் குதிரைக்கு, ஒன்பது குட்டிகள், அதில் இரண்டுக்குத்தான் கணக்கு இருக்கிறது என்றால் அதை நல்ல பொலி என்று எதை வைத்துச் சொல்வது? ஜெர்மனியில் ஹனோவர் குதிரைக்கு 1888-லேயே வம்சப் பதிவேடு தொடங்கிவிட்டார்கள். அங்கே பொலிகுதிரை தான் வாங்கின பரிசோடு விஷயம் முடிவதில்லை, அதன் குட்டிகள் எப்படி வருகின்றன என்பதையும் பார்க்கிறார்கள். என் குதிரையின் குட்டிக்கு அரை மணி நேரமாகியும் துடிப்பு இறங்கவில்லை, அதை முதல் பக்கத்திலேயே எழுதியிருக்கிறேன். வந்து பாருங்கள்.

நாட்டில் 2012-ல் ஆறு லட்சத்துக்கு மேல் இருந்த குதிரைகள், மட்டக்குதிரைகளையும் சேர்த்து, 2019 கணக்கெடுப்பில் 3.4 லட்சம். இருக்கிறதே கொஞ்சம், அதில் எது எதற்குச் சொந்தம் என்று தெரியாமல் பொலி சேர்த்தால் ரத்த உறவிலேயே போய் முடியும்.

வரவு செலவைப் பொருளாளர் வாசித்துவிட்டார். சிப் செலவு நினைத்ததைவிடக் கூடிவிட்டது, கையிருப்பு ஏதோ இருக்கிறது, சில ரசீதுகள் வரவேண்டும். 23 பேர் இரண்டு வருஷமாகச் சந்தா கட்டவில்லை. அவர்கள் குதிரைகளுக்கும் சிப் வைத்தாகிவிட்டது.

முகாமுக்கு வந்த கால்நடை மருத்துவர்களுக்கும், தோட்டத்தைத் தந்த அண்ணனுக்கும், நிர்வாகிகளுக்கும் நன்றி.

அடுத்த வருஷமும் என்னையே இருக்கச் சொல்கிறீர்கள். சரி, இருக்கிறேன், ஆனால் ஊருக்கு ஒருத்தர் துடிப்புப் பார்க்கக் கற்றுக்கொண்டு கூட நிற்கவேண்டும், தனி ஆளாக இனி முடியாது. தையில் பொலி சேர்த்த குதிரைகள் மார்கழி வாக்கில் குட்டி போடும். எந்த நேரமானாலும் போன் பண்ணுங்கள், அந்த வாரமே வந்து சுழி வரைந்துகொள்கிறேன்.

செயலாளர்