பூச்சி மாத்திரைக்கு அடங்காத குடல் ஒட்டுண்ணிகளைக் கண்டறிய அரசு மருத்துவமனைகளில் மலப் பரிசோதனை வேண்டி மனு

பெறுநர்: அரசுச் செயலாளர் அவர்கள், மக்கள் நல்வாழ்வு மற்றும் குடும்ப நலத் துறை, தலைமைச் செயலகம், சென்னை.

அனுப்புநர்: வேலூர் மாவட்டத்தில் வேலை செய்யும் ஒரு லேப் டெக்னீஷியன்.

ஐயா / அம்மா, வணக்கம்.

வருடத்துக்கு இரண்டு முறை அங்கன்வாடியிலும் பள்ளியிலும் 1 முதல் 19 வயது வரை உள்ள பிள்ளைகளுக்கு அல்பெண்டசோல் என்ற பூச்சி மாத்திரை கொடுக்கிறீர்கள். நல்ல திட்டம், நாக்குப்பூச்சிக்கும் கொக்கிப்புழுவுக்கும் அது தேவை, தயவுசெய்து எப்போதும் நிறுத்திவிடாதீர்கள். ஆனால் அந்த ஒரு மாத்திரையோடு குடல் ஒட்டுண்ணிப் பிரச்சினை முடிந்துவிட்டதாகப் பெற்றோர் நம்புகிறார்கள், பல இடங்களில் மருத்துவமனைகளும் அப்படித்தான் நடந்துகொள்கின்றன.

கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒரு செல் ஒட்டுண்ணியை அல்பெண்டசோல் ஒன்றும் செய்யாது. ஆப்பிரிக்காவிலும் தெற்காசியாவிலும், கொல்கத்தா உட்பட ஏழு இடங்களில் நடந்து 2013இல் வெளியான பெரிய ஆய்வில், கைக்குழந்தைகளுக்கு வரும் மிதமான, கடுமையான வயிற்றுப்போக்குக்கு ரோட்டா வைரஸுக்கு அடுத்த காரணமாக நின்றது இதுதான். ரோட்டாவுக்குச் சொட்டு மருந்து வந்துவிட்டது, இதற்கு இன்னும் தடுப்பூசியே கிடையாது. எங்கள் வேலூரிலேயே குடிசைப் பகுதிக் குழந்தைகளைப் பிறந்ததிலிருந்து தொடர்ந்து கவனித்த ஆய்வாளர்கள், மூன்று வயதுக்குள் கிட்டத்தட்ட எல்லாக் குழந்தைகளையும் இது ஒரு முறையாவது தொட்டுவிடுகிறது என்று பார்த்தார்கள், கேன் தண்ணீர் குடித்த குழந்தைகளுக்கும் பெரிய பாதுகாப்பு கிடைக்கவில்லை. டேங்கில் போடும் குளோரினுக்கும் இது அசராது. 1993இல் அமெரிக்காவின் மில்வாக்கியில், குளோரின் போட்ட குழாய்த் தண்ணீர் வழியாகவே சுமார் 4 லட்சம் பேருக்குப் பரவியது. ஆனால் தண்ணீரைக் கொதிக்க வைத்தால் செத்துவிடும்.

எங்களுக்கு வரும் சீட்டில் பெரும்பாலும் 'மலப் பரிசோதனை' என்று மட்டும்தான் இருக்கும். சலைனிலும் அயோடினிலும் போட்டுப் பார்த்தால் இந்த ஒட்டுண்ணி நான்கைந்து மைக்ரான் புள்ளியாக, ஈஸ்ட் மாதிரி தெரியும், அதனால் 'எதுவும் காணப்படவில்லை' என்று ரிப்போர்ட் போய்விடுகிறது, குழந்தைக்கு மறுபடியும் ஆன்டிபயாட்டிக் எழுதப்படுகிறது. ஆசிட் ஃபாஸ்ட் சாயம் ஏற்றினால் சிவப்பாகப் பளிச்சென்று தெரியும். காசநோய்க்குச் சளி பார்க்கப் பயன்படுத்தும் அதே கார்பால் ஃபுக்சின்தான், கொஞ்சம் மென்மையான ஆசிட், ஒரு மைக்ராஸ்கோப், அரை மணி நேரம். இவ்வளவுதான் செலவு என்பதால்தான் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

நல்ல உடம்பு என்றால் இந்த வயிற்றுப்போக்கு இரண்டு வாரத்தில் தானாக அடங்கிவிடும். எச்.ஐ.வி. உள்ளவர்கள், கீமோ எடுக்கும் குழந்தைகள், சிறுநீரகம் மாற்றியவர்கள் ஆகியோருக்கு மாதக்கணக்கில் நிற்காமல் போய், ஆளே எலும்பும் தோலுமாகிவிடுவார்கள். பெயர் தெரிந்தால் வழி இருக்கிறது: எதிர்ப்பு சக்தி உள்ள குழந்தைக்கு நிடாசோக்சனைடு உதவும், எச்.ஐ.வி. உள்ளவருக்கு, அந்த வைரஸைக் கட்டுப்படுத்தும் ஏ.ஆர்.டி. மருந்து சரியாகப் போய் எதிர்ப்பு சக்தி மீள்வதுதான் முக்கியமான சிகிச்சை.

அப்புறம் ஸ்ட்ராங்கைலாய்ட்ஸ் என்ற புழு. வெறுங்காலோடு மண்ணில் நடப்பவர்களின் தோல் வழியே ஏறி, தொந்தரவே தெரியாமல் பல வருடம் குடலில் இருக்கும். ஆஸ்துமாவுக்கோ மூட்டு நோய்க்கோ ஸ்டீராய்டு ஆரம்பித்ததும் பெருகி நுரையீரல் வரை போய் உயிரையே எடுத்துவிடலாம். ஒரு வேளை அல்பெண்டசோலை இதற்கு நம்ப முடியாது, ஐவர்மெக்டின் வேண்டும். ஒரே ஒரு மலச் சாம்பிளில் பல நேரம் இது தப்பிவிடும்.

அதனால் கேட்பது இதுதான். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்கு 14 நாளுக்கு மேல் வயிற்றுப்போக்கு நீடித்தால், எதிர்ப்பு சக்தி குறைந்தவருக்கு எந்த வயதிலும் நீடித்தால், ஆசிட் ஃபாஸ்ட் சாயம் போட்ட மலப் பரிசோதனையைத் தாலுகா மருத்துவமனை வரை இலவசமாகச் செய்ய உத்தரவிடுங்கள். இதைப் பார்க்க டெக்னீஷியன்களுக்கு ஒரு நாள் பயிற்சி போதும். விவசாய வேலை செய்பவர்களுக்கு நீண்ட நாள் ஸ்டீராய்டு தொடங்கும் முன் ஸ்ட்ராங்கைலாய்ட்ஸ் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள், இருந்தால் கொடுக்க ஐவர்மெக்டின் கையிருப்பில் இருக்கட்டும். ஏ.ஆர்.டி. மையத்திலும் புற்றுநோய் வார்டிலும் 'கேன் தண்ணீராக இருந்தாலும் கொதிக்க வைத்துக் குடியுங்கள்' என்று தமிழில் பெரிதாக எழுதி ஒட்டுங்கள், அதற்கு நிதி ஒதுக்கீடு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஒரு லேப் டெக்னீஷியன், வேலூர் மாவட்டம்